குட்டிக் கல்லறைக்கு மிச்சச் சுண்ணாம்பு

உனக்கு எழுதுவது சரியில்லை என்று தெரியும். மன்னித்துக்கொள். உங்கள் சபையில் இறந்தவர்களோடு பேசுவதில்லை என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். பூ வைப்பீர்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள், நின்று பாடுவீர்கள். ஆனால் ஜெபம் எல்லாம் கர்த்தரிடம்தான். உள்ளே படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கிடையாது. "அவுக தூங்குறாக புள்ள. எக்காளம் ஊதுற வரைக்கும் எழுப்பக் கூடாது" என்பாய்.

எங்கள் வீட்டில் அப்படி இல்லை. தை அமாவாசைக்கு இலை போட்டுவிட்டு என் அம்மா, தன் மாமனார் படத்தைப் பார்த்துச் சண்டையே போடுவாள். "இந்த வருசமாச்சும் வாழைக்கு வெலை வரப் பாப்பீகளா, இல்ல போன வருசம் மாதிரி சும்மா பாத்துக்கிருப்பீகளா?" அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அதனால் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். நேரில் நாலு வார்த்தை பேசத் தயங்குகிறவள் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று நீ சிரித்தாலும் சிரித்துக்கொள்.

இன்று மாலை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வரும் வழியில் உங்கள் கடையைத் தாண்டினேன். பூட்டு, கயிறு, பெயின்ட் டப்பா என்று எல்லாம் எப்போதும் போல அடுக்கியிருந்தது. வாசலில் பழைய தகர டிரம்மில் உன் அப்பா சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது கொதித்துப் புகைந்து, மூக்கில் ஏறும் அந்தச் சூட்டு வாசனை தெரு முழுக்க நின்றது. கல்லறைத் திருநாள் வருகிறது. ஊரில் உங்கள் ஆட்கள் எல்லாரும் உன் அப்பா கடைச் சுண்ணாம்பைத்தான் வாங்குவார்கள். அவர் என்னைப் பார்த்துக் குச்சியால் கலக்குவதை நிறுத்தினார். "நாளைக்கு வர்றேல்லம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் வாசனை துப்பட்டாவில் இருந்தது. வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் இதை எழுத ஆரம்பித்தேன்.

உன் கைவிரல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. கல்லூரியில் முதல் வருடம். என் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எனக்கு அங்கே யாரோடு எப்படிப் பேசுவது என்றே தெரியாது. செமினாருக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். எல்லாம் மனப்பாடமாக இருந்தது, தொடங்கத்தான் தெரியவில்லை. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ, பெஞ்சுக்குக் கீழே கையை நீட்டி என் முழங்கைத் தோலைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாய். "ஆ!" என்று கத்திவிட்டேன். வாய் திறந்தது திறந்ததாக மற்றதும் வந்துவிட்டது. வெளியே வந்து நான் அழப் போனபோது, "யாத்தே, இதுக்குப் போயி அழுவாகளா? மோட்டார் மாதிரி புள்ள நீ. ஒரு இழு இழுத்துவிட்டாத்தான் ஓடுது" என்றாய். அன்றைக்குத்தான் உன் பெயரையே தெரிந்துகொண்டேன்.

அப்புறம் மூன்று வருடமும் என் இடது முழங்கை சிவந்தே இருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு நீ என்னை முதன்முதலாக அழைத்துப் போனது இரண்டாம் வருடம், இதே மாதிரி ஒரு சனிக்கிழமை. நான் சந்து முனையிலேயே நின்றுவிட்டேன்.

"எங்க ஊர்ல பொம்பளைக சுடுகாட்டுக்குப் போக மாட்டாகடி."

"இங்கன சுடுகாடு இல்ல. தோட்டம். போர்டப் பாரு, தோட்டம்னு போட்டிருக்கா இல்லையா?"

"வீட்டுக்குத் தெரிஞ்சா அம்மா தலையோட தண்ணி ஊத்திடும்."

"ஊத்தட்டும். வெயில்தான அடிக்குது. வா."

உள்ளே வந்த பிறகு பயம் போய்விட்டது. அதற்குக் காரணம் அந்த மலை. சுவருக்குப் பின்னால் மேகமலை அவ்வளவு கிட்டத்தில், பாதி மேகத்துக்குள் நின்றது. முன்பக்கம் உங்கள் சிறிய கற்கோயில்; ஓடு போட்ட கூரை, ஒற்றை மணி. மலைமேல் தேயிலை போட வந்த வெள்ளைக்காரர்கள் கட்டியது என்றாய். அவர்களில் கீழே இறங்கி வந்து ஊர் திரும்பாதவர்கள்தான் தோட்டத்தின் கிழக்கு மூலையில் கிடந்தார்கள். நிமிர்ந்த கருங்கற்கள், ஒரு பக்கம் சாய்ந்தவை, பாசி பிடித்தவை. நீ ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாய். ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவன் குதிரையிலிருந்து விழுந்தவன். ஒரு பெண் நம்மைவிட ஒரு வயதுதான் பெரியவள். அவள் கல்லில் ஒரு மொட்டு மட்டும் செதுக்கியிருந்தது. "பாவம், தமிழே தெரியாம நம்ம ஊருல படுத்திருக்கா" என்றாய். நான் அந்த மொட்டைத் தொட்டுப் பார்த்தேன். கல் சூடாக இருந்தது.

அந்தப் பக்கத்துக்கு இந்தப் பக்கம் உங்கள் ஆட்கள். தாழ்வான காரைக் கல்லறைகள், தமிழில் பெயர்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து புல் செதுக்கிக்கொண்டும், சுண்ணாம்பில் நீலமும் கஞ்சியும் கலந்து நசுக்கிய தேங்காய் மட்டையால் அடித்துக்கொண்டும் இருந்தார்கள். முறுக்கு, காபி என்று திருவிழா மாதிரி. நீ என்னிடமும் ஒரு மட்டையைக் கொடுத்து உன் தாத்தாவின் தலைமாட்டைக் காட்டினாய். "எழுத்துமேல அடிக்காத. எழுத்துக்குள்ள சுண்ணாம்பு போச்சுன்னா அப்புறம் தாத்தா யாருன்னு தாத்தாவுக்கே தெரியாது."

வேலை முடிந்ததும் வாளியின் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சியது. நான் அதைக் கடைக்கு எடுத்துப்போகத் தூக்கினேன். உன் அப்பா பதறிவிட்டார். "இல்லம்மா, இல்லம்மா. இறந்தவுகளுக்குக் கரைச்சது வீட்டுக்குத் திரும்பக் கூடாது." பிறகு நீதான் விளக்கினாய். யார் வாளியில் மிஞ்சினாலும், கேட்க ஆள் இல்லாத கல்லறைக்கு அதை அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அது உங்கள் ஊர் வழக்கம்.

எல்லாரும் அதைச் செய்தார்கள். ஆனால் வேலை செய்து அலுத்துப்போன யாரும் அதற்காகக் கிழக்கு மூலைவரை நடப்பதில்லை. வாசலுக்கு வெளியே, கேட்டை ஒட்டி, போகிற வழியிலேயே ஒரு குட்டிக் கல்லறை இருந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் நீளம். பெயர் இல்லை, சிலுவை இல்லை. ஊரின் மிச்சச் சுண்ணாம்பு முழுவதும் வருடா வருடம் அதன் மேல்தான் ஏறியது. ஏறி ஏறி மூலைகள் எல்லாம் உருண்டு, கன்றுக்குட்டி படுத்திருப்பது போல வீங்கிக் கிடந்தது. யார் பிள்ளை என்று கேட்டால், துரை வீட்டுப் பிள்ளை என்றார் ஒருவர். பாதிரியார் வீட்டுப் பிள்ளை என்றார் இன்னொருவர். கடைசியில் எஸ்தர் அத்தை வந்தாள். பஜாரில் தையல் மிஷின் போட்டிருக்கும் ஒல்லியான எஸ்தர் அத்தை. அவள் சுண்ணாம்பு அடிக்கவில்லை. முந்தானையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து, ஈரச் சுண்ணாம்பில் ஒட்டாமல் மெதுவாக வைத்தாள். யாரோடும் பேசாமல் போய்விட்டாள்.

"அத்தைக்குப் பிள்ள இல்ல. ஒண்ணு பெறந்து அன்னைக்கே போயிருச்சாம். அத எங்கன வச்சாகன்னு யாருக்கும் தெரியாது. அதான் இந்தப் பிள்ளைக்குப் பூ வைக்குது" என்று நீ என் காதில் சொன்னாய்.

படிப்பு முடிந்து நான் உங்கள் ஊரிலேயே அந்த டி.டி.பி. கடையில் சேர்ந்தேன்; நீ அப்பா கடையில் உட்கார்ந்தாய். சாப்பாட்டு நேரத்தில் நாம் இருவரும் டிபன் பாக்ஸோடு தோட்டத்துச் சுவர்மேல் உட்காருவது வழக்கமானது. அப்படி ஒரு மதியம்தான், "ஒரு பிள்ளைக்குப் பேரில்லாம இருக்கறது எனக்கு நல்லாவே இல்ல புள்ள. உள்ள எழுத்து இருக்கும். சுண்ணாம்புதான் மூடிருச்சு" என்றாய். மறுநாள் பழைய தோசைத் திருப்பி ஒன்றோடு வந்து நின்றாய்.

நீ சுரண்டினாய், நான் தேங்காய் நாரால் துடைத்தேன். வெள்ளை, அதற்குக் கீழே நீலம் தூக்கலாக ஒரு வெள்ளை, நடுவில் ஒரு வரி ரோஸ். "எவரோ வீட்டுக்கு அடிச்ச டிஸ்டெம்பர இங்கன ஊத்தியிருக்காக, பாரேன்!" என்று சிரித்தாய். மரப்பட்டை உரிவது போல ஏடு ஏடாக வந்தது. கடைசியில் கல் தெரிந்தது. நல்ல கருங்கல், வழவழப்பான மேல்பரப்பு. எழுத்து ஒன்றும் இல்லை. குறுக்காக இரண்டு பள்ளங்கள் மட்டும் வெட்டியிருந்தன. நீ ஏமாந்துபோய்த் தோசைத் திருப்பியைக் கீழே போட்டாய்.

நான் அந்தப் பள்ளத்தில் கையை வைத்தேன். என் நாலு விரலும் அதில் சரியாகப் படுத்தன. அது என்ன என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வாழைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. புல்லுக்கட்டை அதில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கித்தான் நான் வளர்ந்தேன். சுமையை வைத்த பிறகு அடியில் மாட்டிய விரலை உருவிக்கொள்ள இடம் வேண்டும். இந்தப் பள்ளங்கள் அதற்குத்தான். அடியில் மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். கல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அது இடுப்பளவு உயரக் கல். ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்ந்து, கல்லை விழுங்கி, தலையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

"பிள்ளையும் இல்ல ஒண்ணும் இல்லடி. பெட்டியத் தூக்கிட்டு வர்றவுக, கதவு தொறக்கற வரைக்கும் இறக்கி வைக்கற கல்லு" என்றேன்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஊரே சேந்து ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கோம்! எங்க அப்பா கண்ண மூடி ஜெபம் வேற பண்ணுவாரு புள்ள!" கண்ணீர் வரச் சிரித்தவள் சட்டென்று நின்றாய். "எஸ்தர் அத்தை?" என்றாய்.

அன்று மாலையே வாளி எடுத்து வந்து மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசினோம். பள்ளம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. "யாருகிட்டயும் மூச்சு விடாத. அந்தம்மாவுக்கு இருக்கறது இது ஒண்ணுதான்" என்றாய். மூச்சுவிடாமல் இருப்பது எனக்குப் பெரிய வேலை இல்லையே.

நீ போனதை எழுத எனக்குக் கை வரவில்லை. காய்ச்சல் என்று படுத்தாய், மதுரைக்குக் கொண்டுபோனார்கள், வண்டியில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அடிக்க எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள். முதலாளி, "நான் அடிச்சுக்கிறேன், நீ வீட்டுக்குப் போம்மா" என்றார். நான் போகவில்லை. உன் தனிப்படம் ஒன்றும் சரியாக இல்லை. கல்லூரி கடைசி நாளில் நாம் சேர்ந்து எடுத்த படத்திலிருந்துதான் உன்னை வெட்டி எடுத்தேன். அதில் நீ வழக்கம் போல என் முழங்கையைப் பிடித்திருக்கிறாய். இன்னும் உள்ளே வெட்டினால் உன் விரல் போய்விடும். அதனால் ஓரத்தில் என் முழங்கையை விட்டுவிட்டேன். பஜார் சுவர்களில் ஊர் முழுக்க நீயும் என் முழங்கையும். யாரும் கவனிக்கவில்லை.

உன் அடக்கத்தன்று, போன வருடம், கார்த்திகை மழை. வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. உன் அண்ணன்மார் மூன்று பேரும் உன் அப்பாவும் பெட்டியைத் தோளில் ஏற்றிச் சேற்றில் நடந்தார்கள். கேட்டுக்கு வந்தால், குழிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது, மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று உள்ளிருந்து சத்தம். எங்கே வைப்பது? தரை முழுக்கச் சேறு. உன் அப்பாவின் கால் நடுங்குவதைக் குடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யார் தோள் மாற்ற வந்தாலும் அவர் விடவில்லை.

"இந்தக் குட்டிக் கல்லறை மேலயாச்சும் வைப்பமா?" என்றான் உன் பெரிய அண்ணன்.

"ஏலே, பிள்ளை படுத்திருக்குடா! அது மேல பெட்டிய வைப்பாகளா? புத்தி இருக்கா?" என்று சபைச் செயலாளர் அதட்டினார்.

மழையில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். என் முழங்கையைக் கிள்ள அன்றைக்கு ஆள் இல்லை. உன் அப்பாவின் வலது கால் சேற்றில் ஒரு முறை வழுக்கியது. பெட்டி ஆடியது. எனக்குள்ளிருந்து யாரோ கத்துவது போல ஒரு குரல் வந்தது.

"அது கல்லறை இல்ல! பெட்டி இறக்கி வைக்கிற கல்லு. நாங்க ரெண்டு பேரும் சுரண்டிப் பாத்தோம். வைங்க!"

இவ்வளவு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தது அந்த செமினாருக்கு அப்புறம் அன்றுதான். செயலாளர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கூட்டத்துக்குள்ளிருந்து எஸ்தர் அத்தை முன்னால் வந்து, கல்லின் மேல் கிடந்த வேப்பிலைகளைக் கையால் தள்ளிவிட்டாள். "அந்தப் பிள்ள சொல்றது நெசந்தான். வைங்கப்பா" என்றாள்.

வைத்தார்கள். எட்டுக் கையும் பள்ளத்தின் வழியே நோகாமல் வெளியே வந்தன. உன் அப்பா கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து, அப்போதுதான் வாய்விட்டு அழுதார். குழி தயாராகும்வரை நீ அங்கே இருந்தாய். நான் உன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பத் தூக்கியபோது பெட்டியின் அடியில் ஈரச் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஊராருடைய மிச்சம் எல்லாவற்றிலும் கொஞ்சம் உன்னோடு உள்ளே போயிற்று. மூச்சு விடாதே என்றாய், விட்டேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை செயலாளர் எங்கள் கடைக்கு வந்தார். தோட்டத்துக்குப் புது வாசல் கட்டுகிறார்களாம், மேலே வைக்கும் எழுத்துகளுக்கு மாதிரி வேண்டுமாம். நான் கணினியில் எழுத்துரு மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்:

"நல்ல வேளை நீ அன்னைக்குச் சொன்னம்மா. கல்லறைன்னு நெனச்சுக்கிட்டு வாசல அகலப்படுத்த ஒருத்தரும் ஒத்துக்கிடல, இத்தன வருசமா. இப்ப வெறும் கல்லுன்னு தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கெழமை கூட்டத்துல முடிவு பண்ணிட்டா, மறுநாளே ஜே.சி.பி. வச்சு ஒடச்சு எடுத்துருவோம். உன் சேக்காளி மழையில நனைஞ்சுக்கிட்டு வாசல்ல கெடந்துச்சுல்ல. இனி ஒருத்தருக்கும் அந்த நெலமை வரக் கூடாது. வண்டி நேரா குழி வரைக்கும் போகணும்."

நான் பேசாமல் இருந்தவரை அந்தக் கல் பிழைத்திருந்தது. உனக்காகப் பேசினேன், அதனால் அதை உடைக்கப் போகிறார்கள். அதுவும் உன்னையே காரணமாகச் சொல்லி. அவர் சொல்வதிலும் தப்பில்லை என்பதுதான் இன்னும் கஷ்டம். "இந்த எழுத்து நல்லாருக்கும்மா, இதையே வையி" என்றார். வைத்தேன்.

அன்று மாலை எஸ்தர் அத்தையின் தையல் கடைக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வாசலில் நின்று செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் மிஷினை நிறுத்தாமலே, "கல்ல ஒடைக்கப் போறாக, அதான? தெரியும், வா" என்றாள். உட்கார்ந்தேன்.

"அத்தை, அது கல்லறை இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம?"

"நீங்க வருத்தப்படுவீகன்னு நாங்க திரும்பச் சுண்ணாம்பு அடிச்சு மூடி வச்சோம்."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பல் தெரிய ஒரு சிரிப்பு வந்தது. "ரெண்டு மக்குக! அதான் அந்த வருசம் அந்தக் கன்னுக்குட்டிக் கல்லு இளைச்சுக் கெடந்துச்சா? நானும் யாரு சுரண்டுனாகன்னு யோசிச்சுக்கிருந்தேன்."

"அப்ப எல்லாரும் கல்லறைன்னு சொல்றப்ப ஏன் சும்மா இருந்தீக?"

"யாரு ஆத்தா என்கிட்ட கேட்டா? கல்லுன்னு சொன்னா, கல்லுக்கு எதுக்குடி பூ வைக்கிறன்னு கேப்பாக. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

கொஞ்ச நேரம் தைத்தாள். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிள்ளை பெற்ற உடம்போடு உள்ளே வரக்கூடாது என்று மாமியார் அவளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டாள். அவள் வீட்டுக்காரர் பெட்டியைக் கையில் ஏந்திப் போனார். கேட்டுத் தாழ்ப்பாளைத் திறக்க ஒரு கை வேண்டும். அதற்காகப் பெட்டியை அந்தக் கல்லின் மேல் வைத்தார். திறந்தார். எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அம்புட்டுத்தான் நான் பாத்தேன். உள்ள எங்கன வச்சாகன்னு நானும் கேக்கல, அவுகளும் சாகற வரைக்கும் சொல்லல. எம்பிள்ளைய நான் கடைசியாப் பாத்தது அந்தக் கல்லு மேலதான்."

தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"கூட்டத்துல நீங்க சொல்லுங்க அத்தை."

"என்னால முடியாது ஆத்தா. இம்புட்டுக் காலம் சொல்லாதத மைக் வச்சாச் சொல்லுவேன்? நீ பேசு. அன்னைக்குப் பேசுனேல்ல."

"நான் உங்க சபையே இல்லையே. என்னைய யாரு பேச விடுவாக?"

"உன் சேக்காளியோட அப்பாகிட்ட நான் சொல்லிட்டேன். அவரு கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. வண்டி போகட்டும், நான் வேணாங்கல. எடம் ரெண்டடி தள்ளுனாலும் தள்ளட்டும். கல்லு மட்டும் இருக்கணும்."

என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிகிறது. உடைக்க வேண்டாம், ரோடு விழுங்கியதைத் தோண்டி எடுத்து, கேட்டுக்கு உள்ளே, ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி, முழு உயரத்துக்கு நிமிர்த்தி வையுங்கள். வண்டி வரட்டும். வந்தாலும் குழிக்குக் கொண்டுபோகும் முன் ஒரு நிமிடம் அதன் மேல் பெட்டியை இறக்கி வையுங்கள். ரோட்டில் நிறுத்தப்படுகிறவர்கள் இப்போதும் இருப்பார்கள், அவர்களும் பார்க்கட்டும். எஸ்தர் அத்தையின் கதையை நான் சொல்ல மாட்டேன், அது அவளுடையது. உன் கதை போதும். உன் அப்பா அன்று அழ ஓர் இடம் கிடைத்ததே, அதை மட்டும் சொல்வேன்.

நாளை சனிக்கிழமை, சுண்ணாம்பு அடிக்க வருகிறேன். உன் கல் இன்னும் புதுசு, கறுப்புப் பளிங்கு, அதற்குச் சுண்ணாம்பு தேவையில்லை. ஓரத்துக் காரைக்கு மட்டும் நான் அடிக்கிறேன் என்று உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். உன் எழுத்துக்குள் ஒரு சொட்டு போகாமல் பார்த்துக்கொள்வேன். நீ சொல்லிக்கொடுத்ததில் எதையும் நான் கீழே போடவில்லை. எந்த ஊரில் பழைய கல்லைப் பார்த்தாலும் பெயரை வாய்விட்டுப் படிக்கிறேன். வாளியில் மிச்சம் இருந்தால், இந்த வருடம் கிழக்கு மூலைவரை நடந்துபோய் அந்த மொட்டுக்காரிக்கு அடிப்பேன். கல்லுக்கும் கொஞ்சம் வைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயிலுக்குள்ளேயே கூட்டம். எஸ்தர் அத்தை கடைசி பெஞ்சில் இருப்பாள். உன் அப்பா எனக்கு வலது பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். இடது பக்கம் யாரையும் உட்காரவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

எக்காளத்துக்கு முன்னால் எழுப்பக் கூடாது என்பது தெரியும். அதனால்தான் இவ்வளவு நேரம் கேட்காமல் இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்காகப் பேச வேண்டாம். எதையும் நடத்தித்தர வேண்டாம். எல்லாம் முடிந்தபின் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "வேற யாருக்காச்சும் எதுவும் சொல்லணுமா?" என்று கேட்பார். யாரும் பேச மாட்டார்கள். அவர் பைலை மூடுவதற்குள், பெஞ்சுக்குக் கீழே கையை நீட்டி, ஒரே ஒரு தடவை என்னைக் கிள்ளிவிடு புள்ள. நல்லா வலிக்கிற மாதிரி.